நாற்பது விளக்குகளின் வரிசை

உல்யாவின் அப்பா திமஃபேக்குச் சுற்றுவதுதான் வேலை. ஊர் ஊராகச் சுற்றும் வேலை அன்று. படுத்த இடத்திலேயே சுற்றும் வேலை.

பைன் மரங்களுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத வட்டக் கட்டடம் ஒன்று இருந்தது. அதற்குள் நீளமான ஓர் இரும்புக் கை. கையின் நுனியில், ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு கூண்டு. அதைச் சுழலி என்று அழைத்தார்கள். சுழலியின் வேகம் கூடக் கூட, கூண்டுக்குள் இருப்பவரின் எடையும் கூடும். மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, எட்டு மடங்கு. விண்கலம் கிளம்பும்போது உள்ளே இருப்பவரை இப்படித்தான் அழுத்தும். மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அதற்கு ஓர் உடம்பு வேண்டும். அந்த உடம்பு அப்பாவுடையது.

விண்வெளிக்குப் போனவர்களின் படங்கள் பள்ளிக்கூடச் சுவரில் வரிசையாகத் தொங்கின. அப்பாவின் படம் எங்கும் தொங்கவில்லை. பள்ளிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'மெக்கானிக்' என்று எழுதும்படி உல்யாவிடம் சொல்லியிருந்தார்கள்.

"பொய்தானேப்பா அது?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"பாதிதான் பொய். ரிப்பேர் பண்றவன் மெக்கானிக். நான் ரிப்பேர் ஆகுறவன். ரெண்டு பேரும் ஒரே பட்டறைதானே?" என்றார் அப்பா.

உல்யாவுக்குப் பத்து வயது. எடை முப்பது கிலோ. எட்டு மடங்கில் இருநூற்று நாற்பது கிலோ என்று கணக்குப் போட்டுப் பார்த்து, வீட்டில் அறிவித்தாள்.

"அப்போ ஒரு குட்டிக் கரடி" என்றார் அப்பா.

"அவ சாப்பிடற லட்சணத்துக்குக் கரடியாவது, எலியாவது" என்றாள் அம்மா ஸோயா.

அந்தக் குளிர்காலத்தில் அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடினார்கள். இரவு உணவுக்கு முன், அப்பா மேஜைமேல் இரு கைகளையும் வைத்துக்கொள்வார். உல்யா கோடு போட்ட நோட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருவாள். அந்தப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் நாற்பது சொற்கள் இருந்தன. 'இடம், வலம், வலம், நடு, இடம், இடம், வலம்...' இடம் என்றால் இடக் கட்டைவிரல். வலம் என்றால் வலக் கட்டைவிரல். நடு என்றால் இரண்டும். அப்பா தாளைப் பார்க்காமல் தட்டுவார். நான்கு எண்ணுவதற்குள் ஒரு தட்டு. தப்பாகத் தட்டினால் உல்யா அதட்டுவாள்.

"இருபத்தேழு தப்பு! அது இடம். முதல்ல இருந்து வாங்க."

"டீச்சரம்மா, ஒரு தடவை மன்னிச்சுடுங்க."

"மன்னிக்கவெல்லாம் மாட்டேன். முதல்ல இருந்து!"

அப்பாவையே அதட்டுகிற வாய்ப்பு எத்தனை குழந்தைகளுக்குக் கிடைக்கும்? உல்யா அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டாள். விரைவில் அப்பா நாற்பதையும் பிழையின்றித் தட்டினார். அவளுக்கும் தாளே தேவைப்படவில்லை. பள்ளியில் பூகோள வகுப்பு நடக்கும்போதுகூட அவளுடைய விரல்கள் தாமாகவே அந்த வரிசையைத் தட்டிக்கொண்டிருந்தன.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ரொட்டிக் கடை வாசலில், அப்பா ஒரு பருத்த அம்மாள்மீது மோதினார். அந்த அம்மாள் ஒளிந்துகொண்டு வரவில்லை. அப்பாவின் இடப்பக்கமாக, முட்டைப் பையோடு நேராகத்தான் நடந்துவந்தார். பையிலிருந்து மஞ்சள் கரு சொட்டியது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று அவர் கத்தினார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. யோசனையா வந்துட்டேன்."

"யோசனையாம் யோசனை! என் முட்டைய யோசிச்சு ஒட்டிக் குடு!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உல்யாவும் சிரித்தாள். ஆனால், அதே வாரத்தில் அப்பா கதவு நிலையில் இடத் தோளை இடித்துக்கொண்டது இரண்டு முறை. தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியது ஒரு முறை. உல்யா எதையும் வரிசையாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் உள்ளவள். எண்ணிப் பார்த்தாள். எல்லாமே இடப்பக்கம்.

திங்கள்கிழமை இரவு உணவின்போது, வேண்டுமென்றே அப்பாவின் இடப்பக்கமாக உட்கார்ந்தாள். அப்பா கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தார். உல்யா நாக்கை வெளியே நீட்டினாள். காதுகளைப் பிடித்து இழுத்தாள். கண்களை மூக்குப் பக்கமாகத் திருப்பினாள். வழக்கமாக இதில் பாதி செய்தாலே, 'மூஞ்சி அப்படியே நின்னுடும்' என்று அப்பா மிரட்டுவார். இன்றைக்கு அவர் ஒன்றுமே சொல்லவில்லை. கஞ்சியில் கொஞ்சம் வெண்ணெய் போட்டுக்கொண்டார்.

"உல்யா! என்ன குரங்குச் சேட்டை இது?" என்று அம்மா அதட்டினாள்.

"யாரு? என்ன பண்றா?" என்று அப்பா தலையை முழுவதுமாகத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் மகளைக் கண்டார்.

உல்யாவின் நாக்கு உள்ளே போயிற்று.

சாப்பிட்ட பிறகு அம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பொதுச் சமையலறைக்குப் போனாள். அவர்கள் குடியிருந்தது விடுதியில் ஒற்றை அறை. ஏழு குடும்பங்களுக்கு ஒரே சமையலறை. அம்மா திரும்பிவரக் கொஞ்ச நேரம் ஆகும்.

அப்பா மேஜைமேல் கைகளை வைத்தார். "ஆரம்பிக்கலாமா, டீச்சரம்மா?"

உல்யா நோட்டைத் திறக்கவில்லை. "அப்பா, இந்த வரிசை சுழலியில இருக்கற விளக்குங்களோடதா?"

அப்பாவின் கட்டைவிரல்கள் அசையாமல் நின்றன.

"கூண்டுக்குள்ள இடப்பக்கம் ஒரு விளக்கு, வலப்பக்கம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு. மின்னினா பொத்தான அமுக்கணும். யெகோர் மாமா சொல்லியிருக்காரு" என்று உல்யா தொடர்ந்தாள். யெகோர் அப்பாவின் நண்பர், சுழலியில் சுற்றும் நால்வரில் அவரும் ஒருவர். "எதுக்குப்பா அமுக்கணும்?"

"நல்லா அழுத்துறப்போ ரத்தம் கண்ணுக்கு ஏறாது. முதல்ல ஓரம் மறையும். அப்புறம் எல்லாமே சாம்பல் நிறமாயிடும். அதுக்கும் மேல போனா இருட்டு, மயக்கம். ஓரத்து விளக்குக்கு நான் அமுக்கலேன்னா, டாக்டர் சுழலிய நிறுத்திடுவாங்க."

"அப்போ, உங்களுக்குத் தெரியாத விளக்குக்கும் நீங்க அமுக்கினா?"

அப்பா கைகளை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். பக்கத்து அறையில் யாரோ இருமுவது கேட்டது.

"எவ்வளவு நாளா இடது கண்ணு தெரியல?"

"டிசம்பர்ல இருந்து. முதல்ல கறுப்புக் கொசு மாதிரி ஏதோ பறந்துச்சு. அப்புறம் ஓரத்துல ஒரு திரை. கொஞ்சம் கொஞ்சமா உள்ள வருது." அவர் சிரிக்க முயன்றார். "திரை முழுசா விழறதுக்குள்ள நாடகத்த முடிச்சுடுவேன். வியாழக்கிழமை ஒரே ஒரு ஓட்டம். பன்னண்டு மடங்கு. அதோட இந்தச் சோதனைத் தொடர் முடிஞ்சுது. எதிர்க் கட்டடத்துல ரெண்டு அறை வீடு நமக்கு. உனக்குன்னு தனி ஜன்னல். நீதானே போய்ப் பாத்துட்டு வந்த?"

பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். எந்த ஜன்னல் என்றுகூட முடிவு செய்திருந்தாள்.

"பன்னண்டுல உங்களுக்குள்ள எல்லாம் இருட்டாயிட்டா வெளியில யாருக்குத் தெரியும்?"

"தெரியாது. அதுக்குத்தானே பட்டியல்!" என்றார் அப்பா பெருமையாக. சொல்லி முடித்ததும், தாம் சொன்னதைத் தாமே கேட்டார் போலும், குரல் தாழ்ந்தது. "உல்யா, அங்க ஒரு வழக்கம் இருக்கு. கூண்ட விட்டு இறங்கினதும், டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே, 'எல்லாம் சரி'ன்னு சொல்லிடணும். சொல்லாதவன அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க. ஒம்பது வருஷமா நான் வேற எதுவும் சொன்னதில்ல. நீயும் சொல்லாத. கோள் சொல்றவங்களுக்கு நம்ம வீட்டுல இடமில்ல."

"நான் இனிமே பட்டியல் படிக்க மாட்டேன்."

"வேண்டாம். எனக்குத்தான் மனப்பாடமாச்சே! நீ நல்ல டீச்சர்" என்றார் அப்பா.

அந்தப் பாராட்டு அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் உல்யா நேரே வீட்டுக்குப் போகவில்லை. விடுதியின் நான்காம் மாடிக்கு ஏறினாள். சுழலியின் மருத்துவர் ரிம்மா அர்க்காதியெவ்னா அங்கேதான் இருந்தார். செவ்வாய்க்கிழமை அவருக்கு ஓய்வு நாள். படியேறும்போது உல்யா இரண்டு முறை பாதி வழியில் திரும்பி இறங்கினாள். மூன்று முறை ஏறினாள். அப்படிப் பார்த்தால் அவள் ஏறியது எட்டு மாடி.

மருத்துவர் தமது வெள்ளை அங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"காலணிய வாசல்லயே கழட்டு. பனி சொட்டுது. யாரு நீ? திமஃபே லுக்யானவ் மகளா?"

"ஆமா. ஒரு கேள்வி கேக்கலாமா? விளக்கு மின்னற வரிசைய எப்பவாவது மாத்துவீங்களா?"

"எதுக்கு மாத்தணும்?" மருத்துவர் ஒரு கைமடிப்பை நீவிவிட்டார். "துளை போட்ட காகித நாடா ஒண்ணு இருக்கு. அதுதான் விளக்க எரிய வைக்கும். மூணு வருஷமா அதே நாடா. நேத்தையும் இன்னிக்கையும் ஒப்பிடணும்னா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். ஒழுங்குன்னா அதுதான். உனக்கு எதுக்கு இந்தக் கேள்வியெல்லாம்?"

உல்யா இஸ்திரி மேஜையின் காலியான ஓரத்தில் இரு கைகளையும் வைத்தாள். தட்டத் தொடங்கினாள். இடம். வலம். வலம். நடு. இடம். இடம். வலம். ஒவ்வொரு தட்டுக்கும் இடையே மனத்துக்குள் நான்கு வரை எண்ணினாள்.

முதல் ஐந்து தட்டுகள் வரை மருத்துவர் எரிச்சலோடு பார்த்தார். பத்தாவது தட்டில் அவருடைய உதடுகள் அசைந்தன. பதினைந்தாவதில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி, அதற்குரிய தாங்கியில் நிமிர்த்திவைத்தார். நாற்பதாவது தட்டு விழுந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க கத்துக்கிட்ட இத?"

"சொல்ல மாட்டேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"அதையும் சொல்ல மாட்டேன். நீங்க நாடாவ மாத்துங்க. நாலு பேருக்கும் புது வரிசை வைங்க. ஒருத்தருக்கு மட்டும் வைக்காதீங்க. நாலு பேருக்கும். வியாழக்கிழமைக்கு முன்னாடி."

மருத்துவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் அன்பு ஏதும் இருந்ததாக உல்யாவுக்குத் தோன்றவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் இந்த விடுதியில உன்கூட யாரும் பேச மாட்டாங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"என்கூடவும் பேச மாட்டாங்க" என்றார் மருத்துவர். "மூணு வருஷமா சோதனைத் தாள்ல 'பார்வை நன்று'ன்னு கையெழுத்துப் போட்டவ நான். போ. காலணிய மாட்டிக்கிட்டுப் போ."

புதன்கிழமை காலையில் நான்கு சோதனையாளர்களையும் ஒவ்வொருவராகக் கூண்டில் படுக்கவைத்தார்கள். சுழலியைச் சுற்றவில்லை. இரும்புக் கை சும்மா கிடந்தது. விளக்குகள் மட்டும் மின்னின, புதிய வரிசையில்.

நின்ற இயந்திரத்திலேயே நால்வரில் மூவர் தோற்றார்கள். எரியாத விளக்குக்கு அழுத்தினார்கள். எரிந்த விளக்குக்கு விட்டுவிட்டார்கள். யெகோர் மாமாவுக்கு இரண்டு கண்களும் பருந்துக் கண்கள். ஆனாலும் அவருடைய கட்டைவிரல்கள் பழைய பாட்டையே வாசித்தன. மூன்று ஆண்டுகளாக ஒரே வரிசையைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன விரல்கள் அவை. "விளக்கப் பாத்து அமுக்குங்க, பழக்கத்துல அமுக்காதீங்க" என்று மருத்துவர் அதட்டிய பிறகு, இரண்டாம் முறையில் அவர் தேறினார். இன்னொருவரும் தேறினார்.

அப்பா தேறவில்லை. இரண்டாம் முறையிலும், மூன்றாம் முறையிலும், இடது விளக்கு அவருக்கு மின்னவே இல்லை.

விழித்திரை தன் இடத்தைவிட்டுக் கழன்றுகொண்டிருக்கிறது என்றார் கண் மருத்துவர். சுவரில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உரிவது போல. இன்னும் ஒருமுறை சுழன்றிருந்தால் முழுவதும் உரிந்திருக்கும். அன்று மாலையே மாஸ்கோ மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். உடனே அறுவைச் சிகிச்சை. சோதனையாளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். ஆகவே, வீட்டுப் பட்டியலிலிருந்தும் நீக்கம்.

அப்பா பெட்டி கட்டுவதற்காக வீட்டுக்கு வந்தார். சட்டை, சீப்பு, சவரக் கத்தி. அம்மா மடித்துக் கொடுத்தாள், அவர் அடுக்கினார். உல்யா கதவோரம் நின்றாள். அவளைக் கடந்து போகும்போது, கதவு நிலையில் அவருடைய இடத் தோள் இடித்தது.

"அப்பா..."

அவர் நின்றார், திரும்பவில்லை. "நாப்பதையும் ஒரு தப்பில்லாம தட்டினியாமே. ரிம்மா தானா சொல்லல. நானே அவகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நல்ல ஞாபக சக்தி."

அவ்வளவுதான். பெட்டியோடு படியிறங்கிப் போய்விட்டார்.

அம்மா படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, மடித்த துண்டு ஒன்றை மறுபடியும் மடித்தாள்.

"நான் செஞ்சது தப்பாம்மா?"

"சரிதான் செஞ்ச." துண்டு மூன்றாம் முறையாக மடிபட்டது. "ஆனா இன்னிக்கு என் வாயால அத இன்னொரு தடவை சொல்லச் சொல்லாத. ஆறு வருஷமா ஏழு கெட்டிலுக்கு நடுவுல வரிசையில நிக்கறேன், உல்யா. அந்த வீட்டுச் சமையலறையில எங்க எத வைக்கணும்னு ராத்திரி ராத்திரி யோசிச்சு வெச்சிருந்தேன். இன்னிக்கு மட்டும் என்னை விட்டுடு."

உல்யா விட்டுவிட்டாள். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அழக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுவதற்கு உரிமை உள்ளவர்கள் அந்த வீட்டில் வேறு இருவர் இருந்தார்கள்.

மருத்துவர் சொன்னது பலித்தது. யெகோர் மாமாவின் மகன் ரோமா அவள் வகுப்பிலேயே படித்தான். காலையில் அவளுடைய மேஜைமேல் சாக்பீஸால் 'கோள்மூட்டி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"எங்க அப்பாவுக்குக் கண்டிப்புக் கடிதம் வந்திருக்கு. உன்னாலதான்!" என்றான் ரோமா. "உங்க அப்பாவையே மாட்டி விட்டவதானே நீ? அடுத்து யாரு? உங்க அம்மாவா? அவங்க உப்பு அதிகமாப் போடறாங்கன்னு போய்ச் சொல்லு!"

வகுப்பே சிரித்தது. உல்யா ஈரத்துணியை எடுத்துவந்து மேஜையைத் துடைத்தாள். முதல் எழுத்திலிருந்து தொடங்கி, கடைசி எழுத்து வரை. மதிய உணவின்போது அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த நாற்காலியும் காலிதான். அவள் முட்டைக்கோஸ் சூப்பை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். மிச்சம் வைத்தால் அதற்கும் ஏதாவது சொல்வார்கள்.

அந்த வியாழக்கிழமை ஓட்டத்தைக் கைவிடவில்லை. அப்பாவின் இடத்தில் யெகோர் மாமா படுத்தார். நாடா புதியது.

வெள்ளிக்கிழமை மாலை, விடுதியின் நடைவழியில் யெகோர் மாமா உல்யாவை மறித்துக்கொண்டு நின்றார். அவருடைய கண்களின் வெள்ளை முழுவதும் செக்கச்செவேல் என்று இருந்தது. அழுத்தத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெடித்துவிட்டிருந்தன.

"என்ன பாக்குற? முயல் கண்ணுதான். ரெண்டு வாரத்துல சரியாயிடும்" என்றார்.

உல்யா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பயப்படாத, அடிக்க வரல. கோவம் இருக்கு. அது இருக்கத்தான் செய்யும். கண்டிப்புக் கடிதம் ஒம்பது வருஷத்துல இதான் முதல் தடவை." அவர் தொண்டையைச் செருமினார். "நேத்து ஒம்பது மடங்குலயே எனக்கு ரெண்டு ஓரமும் அணைஞ்சு போச்சு, பொண்ணே. ஏன்னு தெரியல. தூக்கம் பத்தலயோ என்னவோ. அமுக்கணும்னு நினைக்கறேன், எத அமுக்கறதுன்னு தெரியல. புது வரிசையாச்சே! சும்மா கிடந்தேன். ரிம்மா நிறுத்திட்டா."

"பழைய நாடாவா இருந்திருந்தா?"

"அமுக்கிக்கிட்டே போயிருப்பேன். பன்னண்டு வரைக்கும். உள்ள ஆளே இல்லேன்னாலும் என் கட்டைவிரல் அமுக்கிக்கிட்டேதான் இருந்திருக்கும்." அவர் தம் கட்டைவிரலையே சற்று வெறுப்போடு பார்த்தார். "இத நான் ரோமாகிட்ட சொல்லல. சொல்ல வாய் வரல. நீயும் சொல்லாத."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ம்க்கும்" என்றார் யெகோர் மாமா. சிரிப்பும் இருமலும் சேர்ந்த ஒரு சத்தம். அவர் போய்விட்டார். ரோமா அதன்பிறகும் உல்யாவோடு பேசவில்லை. ஆனால் மேஜைமேல் எழுதுவது நின்றுபோயிற்று. வீட்டில் யாரோ அவனிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அல்லது சாக்பீஸ் தீர்ந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவும் உல்யாவும் மின்ரயில் ஏறி மாஸ்கோவுக்குப் போனார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து, அப்பா மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு கண்களிலும் கட்டு. தலை அசையக் கூடாது என்பதற்காக இருபுறமும் மணல் மூட்டைகள். எட்டு மடங்கு எடையைத் தாங்கிய தலையை இரண்டு சிறிய மூட்டைகள் பிடித்துவைத்திருந்தன.

அம்மா பேசினால் அப்பா பதில் சொன்னார். உல்யா பேசினால் அவருடைய வாய் மூடிக்கொண்டது.

"அப்பா, கணக்குல அஞ்சுக்கு அஞ்சு வாங்கினேன்."

அப்பா போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார்.

"யாரோ பேசற மாதிரி இருக்கே, திமஃபே" என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர், வயதான ஒரு டிராம் ஓட்டுநர்.

"ஜன்னல் சரியா சாத்தல போல. காத்து" என்றார் அப்பா.

உல்யா காற்றாகவே அந்த ஞாயிறு முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிறும் உட்கார்ந்திருந்தாள். கம்போட் என்ற பழச்சாற்றை அவருடைய வாய்க்குக் கரண்டியால் ஊட்டினாள். காற்று ஊட்டியதை அவர் குடித்தார். எதிர்க் கட்டடத்தில் அவள் தேர்ந்தெடுத்திருந்த ஜன்னலில் யாரோ பச்சைத் திரை மாட்டிவிட்டார்கள் என்பதை மட்டும் அவள் அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் ஞாயிறு, கட்டுப் பிரிக்கும் நாள். கண் மருத்துவர் ஜன்னல்களை மூடச் சொன்னார். மங்கிய வெளிச்சத்தில் கட்டு சுற்றுச் சுற்றாகப் பிரிந்தது. அப்பாவின் இமைகள் வீங்கி, மஞ்சளும் ஊதாவுமாக இருந்தன. அவர் மெல்லத் திறந்தார்.

"வலது கண்ண மூடிக்குங்க" என்றார் கண் மருத்துவர். "இப்போ என் விரல..."

"எல்லாம் சரி. தெரியுது" என்றார் அப்பா.

"நான் இன்னும் கையையே தூக்கலியே!"

டிராம் ஓட்டுநர் போர்வைக்குள் குலுங்கிச் சிரித்தார். அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"டாக்டர், அவர இப்படிக் கேக்காதீங்க" என்று காற்று பேசியது. "கேட்டீங்கன்னா அவர் இப்படித்தான் சொல்லுவாரு. ஒம்பது வருஷப் பழக்கம்."

உல்யா கட்டிலின் இடப்பக்கமாகப் போய் நின்றாள். கையை உயர்த்தி மூன்று விரல்களைக் காட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லும்வரை கையை இறக்கப் போவதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். வழக்கமான அந்த இரு சொற்களும் நுனி நாக்கில் வந்து நின்றதை உல்யாவால் பார்க்க முடிந்தது. அவளுடைய கை வலிக்கத் தொடங்கியது.

"சரியா இல்ல" என்றார் அப்பா கடைசியில். குரல் கரகரத்தது. "கீழ்ப் பாதி இருட்டா இருக்கு. மேல பனி மூட்டம் மாதிரி. அதுக்குள்ள ஒரு கை."

"எத்தனை விரல்?" என்று கண் மருத்துவர் மெதுவாகக் கேட்டார்.

"அவசரப்படுத்தாதீங்க." அவர் வெகுநேரம் பார்த்தார். "மூணு."

கண் மருத்துவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பாதியாவது காப்பாற்றியாயிற்று, இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் அதுவும் இல்லை என்று அம்மாவிடம் சொன்னார். இனிமேல் சுழலி கிடையாது, பளு தூக்கக் கூடாது, கிடங்கில் உட்கார்ந்து செய்யும் வேலை ஏதேனும் பார்க்கலாம் என்றும் சொன்னார். அப்பா அதையெல்லாம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். முகத்தில் கசப்பு அப்படியே இருந்தது. அது அவ்வளவு சீக்கிரம் போகிற கசப்பு அன்று. உல்யாவும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஆனால் வலது கண்ணைத் திறந்த பிறகும் அவருடைய பார்வை அவள் கையின் மேலேயே இருந்தது.

"நகத்துலயெல்லாம் மை" என்றார், அவளைப் பார்த்து. "பள்ளிக்கூடத்துல எழுதறியா, இல்ல மைக்கூட்டுல முங்கிக் குளிக்கறியா? போய்க் கழுவிட்டு வா."

உல்யா நடைவழிக் குழாய்க்கு ஓடினாள். தண்ணீர் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. சோப்புப் போட்டு, பத்து நகங்களையும் ஒவ்வொன்றாக, இரண்டு முறை கழுவினாள்.